போட்டோ புடிச்சீங்க சரி, எங்களுக்கு ஒண்ணு எங்கே?

பட்டணத்துல இருந்து எங்க கம்பைநல்லூர் பக்கம் வந்துபோற உங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நீங்க வர்றது எங்களுக்குச் சந்தோஷம்தான். பொங்கலுக்கு வர்றீங்க, தேசிநாதேசுவரர் கோயிலைப் பார்க்க வர்றீங்க, மொரப்பூர் ஸ்டேஷன்ல இறங்கி சொந்தக்காரங்க வீட்டுக்கு வர்றீங்க. வர்றவங்க எல்லார் கையிலயும் கேமரா இருக்கு, இல்லைன்னா போன் இருக்கு. சாமந்திக் கொல்லையில நின்னு எடுக்கறீங்க. களி கிண்டுறதை எடுக்கறீங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டுற கிழவரை, திண்ணையில வெத்தலை இடிக்கிற கிழவியை எடுக்கறீங்க. எடுத்துட்டு, "சூப்பர்ங்க, அனுப்பி வைக்கறேன்"னு சொல்லிட்டுப் போயிடறீங்க. அந்தப் படம் எங்க கைக்கு வந்து சேர்ந்ததை நான் விரல்விட்டு எண்ணிடுவேன்.

இத்தனை நாளா உங்களுக்கு ஒரு சாக்கு இருந்தது. பிரிண்ட் போட நேரம் இல்லை, விலாசம் தெரியலை, தபால்ல அனுப்ப மறந்துட்டேன். இப்ப அந்தச் சாக்கும் போச்சு. படம் எடுத்து, திரையில பார்த்து, வேணுங்கறதை மட்டும் அங்கேயே அச்சடிச்சுத் தர்ற கேமரா வந்திருக்கு. அதை நான் கையில வாங்கிப் பார்த்துட்டேன்.

பெங்களூருல வேலை பார்க்கிற எங்க அண்ணன் மக போன தடவை வந்தப்ப கொண்டு வந்திருந்தா. பார்க்க எங்க அப்பா காலத்துக் கேமரா மாதிரி இருக்கு. பின்னாடி மட்டும் போன் மாதிரி ஒரு சின்னத் திரை. நாலஞ்சு படம் எடுத்தா. "சித்தப்பா, இதுல எது வேணும்னு பார்த்துச் சொல்லுங்க"ன்னா. நான் ஒண்ணைக் காட்டினேன். பக்கத்துல இருக்கிற கைப்பிடியை இழுத்தா. ஏ.டி.எம். கார்டு அளவுல ஒரு தாள் வெளியே வந்தது. முதல்ல வெறும் வெள்ளை. ஒண்ணரை நிமிஷத்துக்குள்ள நான் அதுல வந்துட்டேன்.

இந்த வகைக்கு ஹைபிரிட் கேமரான்னு பேராம். எனக்கு ஹைபிரிட்னா தக்காளி விதையும் மக்காச்சோள விதையும்தான் தெரியும். இது பாதி டிஜிட்டல், பாதி பழைய உடனடிப் பட கேமரா. பியூஜி பிலிம் கம்பெனி இன்ஸ்டாக்ஸ் கேமராவை 1998ல கொண்டு வந்தது. அதே கம்பெனி 2019ல லிப்ளேன்னு ஒண்ணும், அப்புறம் மினி எவோன்னு ஒண்ணும் விட்டாங்க. இந்த ரெண்டுலயும் எடுக்கிற படம் முதல்ல உள்ளே சேமிப்பாகும். நாம சொன்னாத்தான் தாள்ல ஏறும். ஒரு பாக்கெட்டுக்கு 10 தாள். தாளுக்குள்ள இருக்கிறது பழைய பிலிம் ரசாயனம்தான், மை கிடையாது.

இது எங்கிருந்து ஆரம்பிச்சதுன்னு பார்த்தா அமெரிக்காவுல போய் நிக்குது. எட்வின் லேண்டுன்னு ஒருத்தர். 1943ல அவரோட சின்னப் பொண்ணு, "எடுத்த படத்தை ஏன் இப்பவே பார்க்க முடியாது?"ன்னு கேட்டுச்சாம். அதுல இருந்து யோசிச்சு, 1947ல செஞ்சு காட்டினார். 1948ல பாஸ்டன் நகரத்துல போலராய்டு கேமரா விற்பனைக்கு வந்தது. அறுபது வருஷம் ஓடுச்சு. 2008ல அந்தக் கம்பெனி பிலிம் தயாரிப்பை நிறுத்தறதா சொல்லிடுச்சு. அத்தோட செத்துடும்னு நினைச்ச சரக்குதான் இப்ப உங்க ஊர்ல கல்யாண வீட்டு வரவேற்பு மேசையில உக்காந்திருக்கு.

ஏன் திரும்பி வந்தது? எங்க அண்ணன் மக போன்ல எட்டாயிரம் படம் இருக்காம். அதுல போன பொங்கல் படத்தைக் காட்டுன்னு கேட்டேன். விரலால தள்ளித் தள்ளிப் பார்த்தா. களி ஆறிப்போச்சு, படம் கிடைக்கலை. இப்படிச் சலிச்சுப் போனவங்கதான் தாளைத் தேடறாங்க. கையில பிடிக்கலாம், பர்சுல வைக்கலாம், சுவத்துல ஒட்டலாம். எட்டாயிரத்துல ஒண்ணைப் பொறுக்கி எடுக்கும்போதுதான் அது படமாகுது. இதுவரைக்கும் எனக்கு உங்களோட சண்டை இல்லை.

ஆனா உங்கள்லயே ஒரு கூட்டம் இருக்கு. "உடனடி கேமராவோட அழகே பார்க்காம எடுக்கிறதுதான். கண்ணு மூடியிருந்தா மூடினதுதான், உலகத்துல அது ஒரே ஒரு பிரதி. திரையில பார்த்துத் தேர்ந்தெடுக்கறது ஏமாத்து வேலை"ன்னு பேசறாங்க. பத்து தாளை வீணாக்கக் காசு இருக்கிறவங்க பேச்சு இது. ஒரு தாள் கடையைப் பொறுத்து 50 ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகுது. நூறு நாள் வேலைக்குப் போற ஒரு பொம்பளைகிட்ட, "கண்ணு மூடிட்டீங்க, பரவாயில்லை, அதுதான் அழகு"ன்னு அந்தத் தாளை நீட்டிப் பாருங்க. வாங்கி இடுப்புல செருகிக்குவாங்க, மறுபடியும் எடுத்துப் பார்க்க மாட்டாங்க.

பொறுக்கறதுன்னா என்னன்னு விவசாயிகிட்ட கேளுங்க. நிலக்கடலை புடுங்கி ஆய்ஞ்சு காயப்போட்டா, வர்ற எல்லாத்தையும் விதைக்கு வைக்கிறதில்லை. வீட்டுல பொம்பளைங்க உக்காந்து ஒவ்வொரு காயா பார்த்து, திரண்ட காயைத் தனியா எடுத்து வைப்பாங்க. ராகியிலயும் நல்ல கதிரைத்தான் விதைக்கு ஒதுக்குவோம். மிச்சம் களிக்குப் போகும், சந்தைக்குப் போகும். பொறுக்கி எடுத்ததுதான் அடுத்த வருஷத்துக்குப் போய்ச் சேரும். அதை ஏமாத்துன்னு எங்க ஊர்ல யாரும் சொன்னதில்லை.

அதனால தேர்ந்தெடுத்து அச்சடிக்கிறது சரியான காரியம்னுதான் நான் சொல்வேன். எனக்குச் சண்டை வேற இடத்துல. யார் தேர்ந்தெடுக்கறீங்க? அச்சடிச்ச தாள் யார் வீட்டுக்குப் போகுது?

எங்க சனங்களைப் படம் பிடிக்கிறதுக்குப் பஞ்சமே இல்லைங்க. நூறு நாள் வேலையில செல்போன் செயலி மூலமா வருகைப் பதிவுன்னு 2021ல ஆரம்பிச்சாங்க. 2023 ஜனவரியில இருந்து அது கட்டாயமாச்சு. வேலை நடக்கிற இடத்துல நாளைக்கு ரெண்டு தடவை நிக்க வச்சு எடுக்கணும். பிரதமர் கிசான் பணத்துக்கு முகத்தைக் காட்டிப் பதிவு பண்ற வசதியும் 2023ல வந்துடுச்சு. வேலைக்கு வந்தாங்களான்னு பார்க்க ஒரு படம், ஆள் அவர்தானான்னு பார்க்க ஒரு படம். அதெல்லாம் கணக்குக்கு. அதுல யாரும் சிரிக்கச் சொல்றதில்லை, யாரும் பிரதி கேக்கறதும் இல்லை. நீங்க எடுக்கிறதாவது பாசத்துல எடுக்கிறதுன்னு நாங்க நினைக்கிறோம். கடைசியில ரெண்டும் ஒண்ணாத்தான் முடியுது. எங்க மூஞ்சி எங்கேயோ போகுது, எங்க பெட்டியில ஒண்ணும் இல்லை.

போன வருஷம் எங்க தெருவுல ஒரு ஆயா இறந்துடுச்சு. எண்பது தாண்டியிருக்கும். ஊருக்குள்ள கேமராவோட வர்றவங்க யாரும் அந்த ஆயாவை எடுக்காமப் போனதில்லை. காதுல பெரிய ஓட்டை, முகம் பூரா சுருக்கம், பொக்கை வாய்ச் சிரிப்பு. உங்களுக்கு அது பிடிக்கும். எத்தனையோ பேர் போன்ல அந்த ஆயா இன்னிக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கும். காரியத்துக்குப் படம் வைக்கணும்னு வீட்டுல தேடினாங்க. ஒண்ணும் இல்லை. கடைசியில அடையாள அட்டையில இருந்த படத்தை ஸ்டூடியோவுல கொடுத்தாங்க. அவர் அதைப் பெரிசாக்கி, கம்ப்யூட்டர்ல ஒரு பட்டுச் சேலை உடுத்தி, பின்னாடி நீல வானம் வச்சுக் கொடுத்தார். அவர் மேல தப்பு இல்லை, கையில கிடைச்சதை வச்சுத்தானே செய்ய முடியும். மாலை போட்டு மாட்டினாங்க. பேரன் பார்த்துட்டு, "இது ஆயா மாதிரியே இல்லை"ன்னான். யாரும் பதில் சொல்லலை.

நூறு பேர் எடுத்த முகத்துக்கு, மாலை போட ஒரு படம் இல்லைங்க. நீங்க வேணும்னு செஞ்சீங்கன்னு நான் சொல்லலை. ஆனா நீங்கதான் செஞ்சீங்க.

இன்னொண்ணும் சொல்லணும். அந்த ஆயாகிட்ட கேட்டிருந்தா, பொக்கை வாய்ப் படத்தை அது எடுத்திருக்காது. எங்க சனங்களுக்குப் போட்டோன்னா ஒரு முறை இருக்கு. முகம் கழுவி, தலை சீவி, இருக்கிறதுல நல்ல சேலையைக் கட்டி, நேரா நின்னு கேமராவைப் பார்க்கணும். சிரிச்சாலும் சிரிக்காட்டியும் கம்பீரமா இருக்கணும். அந்தக் காலத்துல அரூருக்கோ தருமபுரிக்கோ போய் ஸ்டூடியோவுல எடுத்த கல்யாணப் படங்களைப் பாருங்க, எல்லாரும் அப்படித்தான் நிப்பாங்க. ஒரு ரோலுக்கு 36 படம்தான், அதனால ஸ்டூடியோக்காரரும் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார். நீங்க என்னடான்னா குனிஞ்சு களை எடுக்கும்போது எடுக்கறீங்க, மூக்குல வேர்வை வடியும்போது எடுக்கறீங்க. அதுதான் இயற்கையா இருக்குன்னு சொல்றீங்க. உங்க ஆபீஸ்ல தூங்கி வழியறப்ப நான் எடுத்து, இதுதான் இயற்கைன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

அதனாலதான் இந்த ஹைபிரிட் கேமராவோட திரை எனக்குப் பெரிசாத் தெரியுது. பழைய போலராய்டுல தேர்வுக்கே இடம் இல்லை. போன்ல தேர்வு எடுத்தவர் கையோட நின்னு போச்சு. இதுல மட்டும்தான், அச்சடிக்கிறதுக்கு முன்னாடி திரையைத் திருப்பிக் காட்டி, "ஆயா, இதுல எது வேணும்?"னு கேக்க முடியும். அந்தக் கேள்விக்காகவே இந்தக் கேமராவை வாங்கலாம்னு சொல்வேன். ஆனா உங்கள்ல எத்தனை பேர் அதைக் கேக்கறீங்க? நீங்களே பொறுக்கி, நீங்களே அச்சடிச்சு, உங்க அறைச் சுவத்துல சின்ன விளக்கு மாலைக்குக் கீழே கிளிப்பு போட்டுத் தொங்கவிடறீங்க. "கிராமத்து நினைவுகள்"னு எழுதி வேற வைக்கறீங்க.

தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. எங்க மாவட்டத்து ஊர்கள்ல கிடைச்ச நடுகற்களை அங்கே வச்சிருக்காங்க. ஊர் மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனவங்களைத் துரத்தி, மீட்கும்போது செத்தவங்களுக்கு வச்ச கல்லுங்க அதுல நிறைய. ஒரு கல்லுக்கு ஒரு காட்சிதான். வில்லையோ வாளையோ பிடிச்சு அந்த ஆள் நிப்பான். சிலதுல எந்த ராஜா காலம், யார் மகன், எதுக்காகச் செத்தான்னும் வெட்டியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆன கல்லுகளும் இருக்கு. அந்தாளோட வாழ்க்கையில எத்தனையோ இருந்திருக்கும், அதுல ஒண்ணைத் தேர்ந்து வெட்டினாங்க. வெட்டி, அவன் சனங்க இருக்கிற இடத்துலயே நட்டாங்க. போற வர்றவங்க அதுக்குப் பூ வச்சாங்க. செதுக்கின ஆள் கல்லைத் தூக்கிக்கிட்டுப் போய்த் தன் வீட்டு நடையில வச்சுக்கலை.

உங்க பதில் எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா சொல்லிடறேன்.

"வாட்ஸ்அப்புல அனுப்பிடறோமே." யாருக்கு? அந்த ஆயாவுக்குப் போன் கிடையாது. பேரன் போனுக்கு வந்தா, அது அவன் போன் இருக்கிற வரைக்கும்தான். எங்க ஊர்ல போன் கிணத்துல விழும், டிராக்டர் சக்கரத்துல மாட்டும், கடன் அடைக்க வித்துடுவாங்க. தகரப் பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல வச்ச படம் முப்பது வருஷம் கழிச்சும் எங்க வீட்டுல இருக்கு.

"கேமரா விலை 15 ஆயிரம், 20 ஆயிரம் ஆகுது, தாளும் விலை அதிகம்." ஒத்துக்கறேன். எனக்கு அது ஒரு கறவை மாட்டுக்குப் பாதிப் பணம். ஒரு காலத்துல பிலிம் நம்ம தமிழ்நாட்டுலயே செஞ்சாங்க. ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்னு மத்திய அரசு கம்பெனி 1960ல தொடங்கி, 1967ல இருந்து உற்பத்தி நடந்தது. 'இந்து'ன்னு பேர் போட்ட பிலிமும் காகிதமும் எக்ஸ்ரே பிலிமும் அங்கே இருந்துதான் வந்தது. கடனும் சேர்ந்து, டிஜிட்டலும் வந்து, அது மூடிப் போச்சு. இப்ப ஜப்பான் கம்பெனி தாளைத்தான் நம்பணும். விலை அவங்க சொல்றதுதான். ஆனா கேமராவை வாங்கிட்டுத்தானே எங்க ஊருக்கு வர்றீங்க? பத்து தாள்ல ஏழு உங்க கூட்டாளிங்களுக்குப் போகுது. ரெண்டு எங்களுக்குக் கொடுத்தா 100 ரூபாய். உங்க ஊர்க் காபிக் கடையில அந்தக் காசுக்கு ஒரு காபி வராது.

"அந்தத் தாள் நாளாக நாளாக வெளுத்துப் போகுமே." வெயில்ல வச்சா வெளுக்கும்தான். அதைச் சொல்லிக் கொடுங்க. வெயில் படற சுவத்துல மாட்டாம பெட்டியில வைங்கன்னு சொன்னா வைக்கப் போறாங்க. உள்ளே ரசாயனப் பசை இருக்கு, சின்னப் பிள்ளைங்க அதைக் கத்தரிக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டுப் போங்க.

"அவங்க கேக்கலையே." எங்க ஊர்ல கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட எதையும் கேக்கக் கூடாதுன்னு வளர்ந்தவங்க. மோரு கொடுத்து, மாங்கா பறிச்சுக் கொடுத்து அனுப்புவாங்க. நீங்க போனதுக்கு அப்புறம் என்கிட்ட கேப்பாங்க: "உங்க வீட்டுக்கு வந்த பொண்ணு எடுத்துச்சே, அந்தப் போட்டோ வருமா?" நான்தான் பதில் சொல்லணும்.

ஆகவே, அடுத்த தடவை வரும்போது நாலு காரியம் செய்யுங்க.

எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. வயசுப் பொண்ணுங்க இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க, அவங்க வீட்டுலயும் ஒரு வார்த்தை சொல்லுங்க. முகம் கழுவிட்டு வர்றேன்னு சொன்னா பத்து நிமிஷம் காத்திருங்க. அந்தப் பத்து நிமிஷம் அவங்களுக்கு முக்கியம்.

எடுத்ததும் திரையைத் திருப்பிக் காட்டுங்க. எது வேணும்னு அவங்களே சொல்லட்டும். உங்களுக்குப் பிடிச்சது வேறயா இருந்தா அதையும் எடுத்துக்கங்க, ஆனா முதல் தாள் அவங்க சொன்னதுக்கு. வேண்டாம்னு சொன்ன படத்தை அவங்க முன்னாடியே அழிச்சுடுங்க.

ரெண்டு தாள் போடுங்க. பழைய கேமராவுல ஒண்ணுதான் வரும், யாருக்குன்னு தகராறு வரும். இதுல எத்தனை வேணும்னாலும் போடலாம். ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு உங்களுக்கு. கீழே இருக்கிற வெள்ளைப் பட்டையில பேரும் ஊரும் தேதியும் எழுதிக் கொடுங்க. தமிழ்லயே எழுதுங்க, பேரப் பிள்ளைங்க படிக்கட்டும்.

இந்தக் கேமரா இல்லாதவங்க தப்பிச்சோம்னு நினைக்க வேண்டாம். போன்ல எடுத்தாலும் கம்பைநல்லூர்ல, அரூர்ல ஸ்டூடியோ இருக்கு. ஊரைத் தாண்டறதுக்கு முன்னாடி ஒரு பிரிண்ட் போட்டு, சொந்தக்காரங்க யார் கையிலயாவது கொடுத்துட்டுப் போங்க. அந்த ஸ்டூடியோக்காரருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி இருக்கும். அவங்களும் இப்பப் பாஸ்போர்ட் சைஸ் படத்தை நம்பித்தான் கடையைத் திறந்து வச்சிருக்காங்க.

மெரினாவுலயும் மாமல்லபுரத்துலயும் ஊட்டியிலயும் கழுத்துல கேமராவை மாட்டிக்கிட்டு, எடுத்த படத்தை அங்கேயே பிரிண்ட் போட்டுத் தர்ற ஆளுங்களை நீங்க பார்த்திருப்பீங்க. "நல்லா இல்லைன்னா காசு வேண்டாம் சார்"னு பின்னாடியே வருவாங்க. நீங்க கையை ஆட்டி விரட்டுவீங்க. அவங்க பிழைப்புக்குச் செய்யறாங்க. ஆனா அவங்ககிட்ட ஒரு நாணயம் இருக்கு. படத்துல இருக்கிறவங்க கையிலதான் அந்தப் படத்தைக் கொடுக்கறாங்க, அவங்களுக்குப் பிடிச்சாத்தான் காசு வாங்கறாங்க. உங்ககிட்ட நாங்க அந்த அளவு நாணயம்தான் கேக்கறோம்.

இந்த வருஷம் சாமந்தி நல்லா வந்திருக்கு. தாராளமா வாங்க. செடியை மிதிக்காம வரப்புல நின்னு எடுங்க. வரும்போது ஒரு பாக்கெட் தாள் கூடுதலா எடுத்துக்கிட்டு வாங்க. எங்க தெருவுல எண்பது தாண்டினவங்க இன்னும் நாலு பேர் இருக்காங்க. ஒருத்தர் வீட்டுலயும் படம் இல்லை.